கீரைக்கட்டில் மிச்சமாகாத பணம்

தெருவில் கீரை விற்க வரும் அம்மாவிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாத வீடு நம் ஊரில் குறைவு. அதே வீட்டார் நகைக்கடையில் பில்லைப் படித்துப் பார்க்காமலே பணம் கட்டிவிட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

நகைக் கணக்கையே பார்ப்போம். ஒரு பவுன் என்பது 8 கிராம். சேதாரம் 15 சதவீதம் என்று போட்டால், நம் கைக்கு வராத 1.2 கிராம் தங்கத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. நாளை அவசரத்துக்கு விற்கப் போனால் எடைக்குத்தான் காசு; சேதாரமும் வரியும் போனது போனதுதான். சேதாரத்தை 12 சதவீதமாகக் குறைத்துக் கேட்டு வாங்கினாலே பவுனுக்குக் கால் கிராம் அளவு தங்கத்தின் விலை மிஞ்சும். கீரைக்கட்டில் வருஷம் முழுக்கப் பேரம் பேசினாலும் அந்தத் தொகை சேராது.

கிரெடிட் கார்டு கணக்கு இன்னும் கொடியது. 50,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,750 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 315 ரூபாய். அந்த மாதம் 2,500 ரூபாய் கட்டுபவருக்கு அசலில் கழிவது வெறும் 435 ரூபாய்!

என் அம்மா சம்பள நாளன்றே வாடகை, மளிகை, பால், பள்ளிக் கட்டணம் என்று பணத்தைப் பிரித்து வைத்துவிடுவார். கடுகு டப்பாவுக்கும் அன்றே ஒரு பங்கு போய்விடும். செலவு வருவதற்கு முன்பே கணக்கு முடிந்திருக்கும். வள்ளுவரும் வரவு, செலவு பற்றிய அறிவுரையை 'வலியறிதல்' அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார். தன் கையிருப்பின் அளவு தெரிவதும் ஒருவருக்கு வலிமையே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் நாட்டில் அக்டோபர் 30 உலக சிக்கன நாள். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நகை பில், கார்டு கணக்கு, மாதத் தவணைகள் மூன்றையும் வரிவரியாகப் படியுங்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். கீரைக்கார அம்மாவுக்கு அவர் கேட்கும் விலையைக் கொடுத்துவிடுங்கள்.