வேதிவினையை அறிவது எவ்வாறு?

கொதிக்கும் நீரிலும் குமிழிகள் எழுகின்றன; சமையல் சோடாவின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலும் குமிழிகள் எழுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் முன்னதில் நீரே ஆவியாகின்றது. பின்னதில் கரியமில வாயு என்னும் புதுப்பொருள் பிறக்கின்றது. புதுப்பொருள் பிறப்பதையே வேதிவினை என்கிறோம்.

இவ்வேறுபாட்டை எங்ஙனம் உறுதி செய்வது? சுட்ட சுண்ணாம்புக்கல்லில் நீரூற்றினால் அது கொதித்துப் பூப்பதை நம் பெரியோர் அறிவர். அவ்வெப்பமும் வேதிவினையின் அடையாளமே. நீற்றிய அச்சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்வோம். சோடாவிலிருந்து எழும் வாயுவைக் குழாய் வழியே அதனுள் செலுத்தினால், தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். கரையாத கால்சியம் கார்பனேட் வீழ்படிவாவதே காரணம். நீராவி அதனை வெளுக்கச் செய்வதில்லை.

மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியை அரைமணி நேரம் இட்டுவைத்தால், ஆணியின்மீது செம்பு படியும். நீலம் வெளிறி இளம்பச்சை சாயும். இரும்பு கரைசலுள் புக, செம்பு வெளியேறுகின்றது. வெறும் நீரைச் சேர்த்தாலும் அந்நீலம் வெளிறும். அங்குச் செம்பு படிவதில்லை. மயில்துத்தம் நஞ்சாதலின் இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும்.

நிறமாற்றம், வாயு, வீழ்படிவு, வெப்பம் ஆகிய நான்கையும் மனப்பாடம் செய்த மாணவர் கொதிநீரையும் வேதிவினை என்றெழுதக் காண்கிறோம். அந்நான்கும் சான்றுகளே, தீர்ப்பாகா. ‘கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் நம் முதுமொழி ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்துவதே.