ஒரு ஊசி 2,000 டாலர்... இன்னொன்று 50 டாலர்! பார்வையைக் காப்பது எது?

விலை அதிகம் என்றால் பலனும் அதிகம். மருந்து விஷயத்தில் நம்மில் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை இது. அமெரிக்காவில் இரண்டு கண் ஊசிகள் இதைப் பொய்யாக்கின.

வயதானவர்களின் விழித்திரை நடுப்பகுதியைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கும் நோய், மாகுலர் டிஜெனரேஷன். இதற்கென 2006-ல் அங்கே அனுமதி பெற்ற ஊசி 'லூசென்டிஸ்'. அப்போது ஒரு டோஸ் சுமார் 2,000 டாலர். அதே ஜெனென்டெக் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து 'அவாஸ்டின்'. கண் நோய்க்கென அனுமதி பெறாவிட்டாலும், டாக்டர்கள் அதைச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் செலுத்தினார்கள். செலவு சுமார் 50 டாலர்தான்!

எது சிறந்தது? அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் நிதி தந்து, சுமார் 1,200 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2011-ல் முடிவு வெளியானது. மாதந்தோறும் ஊசி போட்டுக்கொண்ட இரு தரப்பினருக்கும், ஓராண்டில் பார்வை கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு மேம்பட்டிருந்தது.

அதாவது, அன்றைய விலையில் ஒருவருக்கு லூசென்டிஸ் போடும் பணத்தில் 40 பேருக்கு அவாஸ்டின் போட முடிந்தது. 'செலவுக்கேற்ற பலன்' என்று மருத்துவ உலகம் கணக்குப் பார்ப்பது இதைத்தான்.

அதற்காக மலிவு மட்டுமே போதாது. மருந்தைப் பிரிக்கும்போது கிருமி கலந்துவிட்டால் பார்வையே பறிபோகலாம். பாதுகாப்பும் கணக்கில் சேர வேண்டும்.

எனவே, டாக்டர் விலை உயர்ந்த மருந்தை எழுதினால் தயங்காமல் கேளுங்கள்: "இதே பலன் தரும், செலவு குறைந்த மருந்து இருக்கிறதா டாக்டர்?"