நூற்பகுப்பின் ஆழமும் கணினி அச்சேற்றமும்

நூற்பொருளைப் பகுத்தும் வகுத்தும் கூறுதல் தமிழ் உரைமரபிற்குப் புதியதன்று. பகுப்புக்கள் ஒன்றனுள் ஒன்றாய் ஆழ்ந்து செல்லுமிடத்து, எது எதனுள் அடங்கும் என்னும் முறை பிறழாதிருத்தலே பொருள் பிறழாமைக்குக் காரணமாம். ஓர் ஏது தனக்குரிய மேற்கோளை விட்டுப் பிறிதொரு மேற்கோளின்கீழ் நிற்குமாயின், அந்நூல் தான் கூறாததொன்றைக் கூறியதாக முடியும். இக்காலத்து நூல்களை எளிய எழுத்துக் கோப்பாகக் கணினியில் எழுதிப் பின்னர் அச்சுப்பக்கமாக மாற்றும் வழக்கம் பரவியிருத்தலின், அம்மாற்றத்தில் அடக்கமுறை சிதையுமாறும் அது காக்கப்படுமாறும் ஈண்டு ஆராயப்படும்.

எளிய எழுத்துக் கோப்பாவது, எழுத்தின் உருவும் அளவும் பற்றிய குறிப்பின்றி எழுத்துக்களை மாத்திரமே கொண்ட கோப்பு. அதன்கண் ஆழத்தைக் காட்டும் வழி இரண்டு. வரித்தொடக்கத்தே ஒரு குறியை நிலைக்கு ஒன்றாக மிகுத்திடுதல் ஒன்று. வரியை நிலைதோறும் உள்தள்ளி எழுதுதல் மற்றொன்று. வானியலாராகிய கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் அமைத்த ஆர்க் முறை, உடுக்குறிகளின் தொகையால் தலைப்பின் நிலையைக் காட்டும். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுன் முறை, தலைப்பிற்கு ஆறு நிலைகளை வகுத்தது. இவ்வாறு எழுதப்பட்டவற்றை அச்சுமொழியாக மாற்றுவது பாண்டாக் என்னும் மென்பொருள். 2006-இல் அதனை வெளியிட்ட ஜான் மக்ஃபார்லேன் ஒரு மெய்ப்பொருட் பேராசிரியர். அச்சுமொழியோ டானல்ட் குனூத் ஆக்கிய டெக் என்பதன்மேல், லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் அமைத்த லேடெக்.

இனி, ஆழ்ந்த பகுப்பிற்கு மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தினும் தக்கதோர் எடுத்துக்காட்டு வேண்டா. பொது, உண்மை என அதிகாரம் 2. பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என இயல் 4. இயலொன்றுக்கு மூன்றாகச் சூத்திரம் 12. சூத்திரங்களுள் அடங்குவன அதிகரணம் 39. அதிகரணத்துள் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் நிற்கும். எடுத்துக்காட்டின்கீழ் வருவன வெண்பா 81. ஆக மூலத்திற்கே ஆறு நிலைகள் உளவாயின. வெண்பாவிற்கு உரையும், உரையினுள் தடைவிடையும் சேருமாயின் எட்டு நிலைகளாம்.

இதனைக் கணினி வழி அச்சேற்றுமிடத்து நேரும் இடர்கள் நான்கு.

முதலாவது, உள்தள்ளலால் வரும் இடர். எல்லா நிலைகளையும் பட்டியலுள் பட்டியலாக அமைப்பின், லேடெக் எண்ணிட்ட பட்டியலை நான்கு நிலைவரையும், பலவகைப் பட்டியலையும் கூட்டி ஆறு நிலைவரையுமே ஏற்கும். அதற்கு மேற்பட்டால் ஆழம் மிகுந்ததென்று பிழை காட்டும். அவ்வெல்லையை உயர்த்தும் துணைநிரல் உண்டெனினும், அதனாற் பக்கம் அகலாது. கட்டுரைக்குரிய இயல்பான அமைப்பில் 10 புள்ளி எழுத்திற்கு வரியகலம் 345 புள்ளி. ஆறாம் நிலையை எய்துங்கால் ஏறத்தாழ 100 புள்ளி ஓரத்திற்கே கழியும். எஞ்சிய அகலத்தில் நீண்ட சீர்களையுடைய நாற்சீரடி அடங்காது மடிந்து விழின், அடி இதுவெனப் பயில்வோர் ஐயுறுவர்.

இரண்டாவது, தலைப்பு மறையும் இடர். கட்டுரை அமைப்பில் பாண்டாக் முதல் ஐந்து நிலைத் தலைப்புக்களுக்கே லேடெக் தலைப்புக்களை அளிக்கும். ஆறாவது பிழையொன்றும் காட்டப்படாமலே வெறும் பத்தியாகிவிடும். ஆர்க் முறையோ, வேறு கூறாவிடின், மூன்று நிலைகளையே தலைப்பாக ஏற்று, அவற்றின் கீழ்ப்பட்டவற்றைப் பட்டியலாக்கும். பிழை காட்டி நிற்பது தீங்கன்று. காட்டாது செல்வதே தீங்கு. என்னை? முன்னையது திருத்தத்திற்கு வழியாம். பின்னையது அச்சான பின்னரே புலப்படும்.

மூன்றாவது, செய்யுளடி கலக்கும் இடர். வெண்பாவின் அடிகளை வரிவரியாக எழுதினும், மார்க்டவுன் அவற்றை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். ஓலைச்சுவடிகளில் அடிபிரியாது தொடர எழுதிய நிலைமை இங்ஙனம் மீண்டும் வந்தெய்தும். ஒவ்வோரடியின் முன்னும் நிலைக்கோடு ஒன்று இடின் பாண்டாக் அடிகளைப் பிரித்தே நிறுத்தும்.

நான்காவது, எண் பிறழும் இடர். லேடெக்கின் நூலமைப்பில் அதிகாரம் பாகமாகவும், இயல் அத்தியாயமாகவும், சூத்திரம் பிரிவாகவும் கொள்ளப்படின், அத்தியாயந்தோறும் பிரிவெண் ஒன்றிலிருந்தே தொடங்கும். ஆகவே சாதனவியலின் முதற்கண் நிற்கும் ஏழாஞ் சூத்திரம் 3.1 என்று அச்சாகும். ஏழாஞ் சூத்திரம் என உரையுள் சுட்டப்படுவதைத் தேடும் மாணவன் அவ்வெண்ணை எங்கும் காணான்.

அற்றேல், நிலைகளைக் குறைத்து ஒன்றோடொன்று சேர்ப்பின் இவ்விடர்கள் நீங்குமன்றோ எனின், நீங்கா. மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் ஒரே பத்தியாயின் நிறுவப்படுவது எது, நிறுவுவது எது என்பது விளங்காது. குறைக்கத்தக்கது உள்தள்ளலேயன்றி நிலையன்று. உள்தள்ளல் ஆழத்தைக் காட்டும் பல வழிகளுள் ஒன்று, ஆழமே ஆகாது.

ஆதலின் செய்யத்தக்கது இதுவென்க. கோப்பில் ஒவ்வொரு கூற்றும் தன் நிலையை இடத்தால் மட்டுமன்றிப் பெயராலும் அறிவித்தல் வேண்டும்: மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, தடை, விடை என முன்னையோர் இட்ட பெயர்களே அதற்கு அமையும். அதிகாரம், இயல், சூத்திரம், அதிகரணம் என்னும் மேல்நிலை நான்கையும் முறையே பாகம், அத்தியாயம், பிரிவு, உட்பிரிவு என்னும் தலைப்புக்களாக்குக. மேனிலைத் தலைப்பு பாகமே என்று பாண்டாக்கிற்கு அறிவிப்பின், மார்க்டவுனின் ஆறு நிலைகளும் மறையாது நிற்கும். மேற்கோள், ஏது முதலியன உள்தள்ளப்படாது, தடித்த எழுத்தில் தம்பெயர் முன்னிற்கப் பத்தியாக ஓடுக. வெண்பா எந்நிலையில் வரினும் ஒரே அளவு ஓரம் விட்டு, அடி முறியாது நிற்க. உரையும் தடைவிடையும் சிற்றெழுத்தில் வருக. சூத்திரவெண் இயல்தோறும் மீளாது 1 முதல் 12 வரை தொடருமாறு எண்ணியை அத்தியாயத்தினின்றும் பிரித்துவிடுக. 2018 முதல் அதற்குரிய கட்டளை லேடெக்கிலேயே அமைந்துளது. அதிகரணவெண் சூத்திரந்தோறும் மீளுதல் முறையே. வெண்பாவோ நூன்முழுதும் தொடரெண் பெறுதல் நன்று. பக்கத்தலைப்பில் சூத்திரமும் அதிகரணமும் குறிக்கப்படின், நூலை எவ்விடத்து விரிப்பினும் பயில்வோன் தான் நிற்கும் இடத்தை அறிவான்.

மாற்றம் முடிந்தபின் அதனைச் சோதித்தற்கு அளவுகோலும் நூலினிடத்தேயே உளது. அச்சுப்படியில் அதிகாரம் 2, இயல் 4, சூத்திரம் 12, அதிகரணம் 39, வெண்பா 81 என எண்ணிக் காண்க. தொகை குறையின் ஏதோ ஒரு தலைப்பு பத்தியுள் மறைந்தது. மிகின் ஏதோ ஒரு பத்தி தலைப்பாயிற்று. தொகை ஒத்த பின்னரும், ஒவ்வோர் ஏதுவும் தன் மேற்கோளின்கீழ் நிற்கின்றதோ என்பதைக் கற்றாரொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். எண்ணுதல் கருவியால் இயலும். இன்ன ஏது இன்ன மேற்கோளுக்குரியது எனத் துணிதல் நூலைப் பயின்றார்க்கே இயலும்.