பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா? சிறுநீரகத்தைக் கவனியுங்கள்!

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஆடு, மாடு, கோழிக்கு அடுத்தபடியாக இப்போது பூனையும் இடம்பிடித்துவிட்டது. ‘பத்து வருஷமா விதைநெல்லுக்குக் காவல் இருந்த பூனை திடீரென்று இளைக்கிறது, தண்ணீர்த் தொட்டியே கதி என்று கிடக்கிறது, என்ன செய்யலாம்?’ என்ற கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. நான் பயிர் படித்தவன். எனவே மருந்துச் சீட்டு எழுதப்போவதில்லை. ஆனால், நாள்பட்ட சிறுநீரக நோய் வந்த ஒரு பூனையை வீட்டில் வைத்துப் பராமரித்த அனுபவம் உண்டு. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

10 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. முழுமையாகக் குணமாகாது. ஆனால், சீக்கிரம் கண்டுபிடித்துத் தண்ணீரையும் தீனியையும் சரிசெய்தால், பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே வாழ்கின்றன.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

பூனையின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர். நடவுக்கு 12 பேர் வந்த இடத்தில் மூன்று பேர் கிளம்பிப் போனால், மீதிப் பேர் கொஞ்சம் வேகமாக நட்டு வேலையை முடித்துவிடுவார்கள். வரப்பில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எட்டு, ஒன்பது பேர் போன பிறகுதான் வேலை நிற்பது கண்ணில் படும். சிறுநீரகமும் அப்படித்தான். மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான்கள் அழிந்த பிறகே சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைகிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஏறுகிறது. அழிந்த நெஃப்ரான் மறுபடி முளைக்காது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம்.

பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. எலியின் உடலில் உள்ள ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. அதனால் இன்றும் பூனைக்குத் தாக உணர்வு குறைவு. அப்படிப்பட்ட பிராணி தொட்டியைத் தேடித் தேடிப் போய்க் குடிக்கிறது என்றால், அதை நல்ல அறிகுறி என்று நினைக்கக் கூடாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அதிகமாகச் சிறுநீர் கழிப்பது, இளைப்பது, ரோமம் பொலிவிழந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வது ஆகியவை முதலில் தெரியும். பிறகு தீனியை முகர்ந்துவிட்டு நகர்வது, அடிக்கடி வாந்தி, வாய் நாற்றம், மலச்சிக்கல், ஈறு வெளுத்துப்போவது என்று தொடரும்.

தண்ணீரை அளப்பது எளிது. காலையில் 300 மில்லி ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்து பாருங்கள். 4 கிலோ எடையுள்ள பூனை தொடர்ந்து ஒரு நாளைக்கு 200 மில்லிக்கு மேல் குடித்தால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவிலும் தைராய்டு கோளாறிலும்கூட இதே அறிகுறிகள் வரும் என்பதால், பரிசோதிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

என்னென்ன பரிசோதனை?

ரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றையும், சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆரோக்கியமான பூனையின் சிறுநீர் அடர்த்தி பொதுவாக 1.035-க்கு மேல் இருக்கும். வசதி இருந்தால் ரத்த அழுத்தமும் பார்ப்பது நல்லது. அது 160-ஐத் தாண்டினால் கண்பார்வைகூடப் போகலாம்.

உலக அளவில் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ‘ஐரிஸ்’ வகைப்பாட்டில் நான்கு நிலைகள் உண்டு. கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, 5-க்கு மேல் நான்காம் நிலை. உடலில் நீர் வற்றியிருந்தாலும் இந்த அளவு ஏறும். எனவே, ஒரே பரிசோதனையை வைத்துப் பயந்துவிடாமல், நீர்ச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் பிடித்துவிட்டால் சில ஆண்டுகள் கிடைக்கும். நான்காம் நிலையில் பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள்தான்.

தண்ணீர்தான் முதல் மருந்து

கெட்டுப்போன சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. குடிப்பதெல்லாம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ‘நிறைய மூத்திரம் போகிறது’ என்று தண்ணீரைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. வாய் அகன்ற மண் சட்டிகளில் மூன்று, நான்கு இடங்களில் தண்ணீர் வையுங்கள். தீனித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பதைவிடச் சற்றுத் தள்ளி வைத்தால் பல பூனைகள் அதிகம் குடிக்கும். தினமும் இரண்டு வேளை மாற்றுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காத கோழி வேகவைத்த நீரைத் தீனியில் ஊற்றலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

நோய் முற்றிய பூனைகளுக்கு மருத்துவர்கள் தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் திரவம் ஏற்றுவார்கள். ஒருமுறை பழக்கிக் கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செலுத்த வேண்டும். ஏறிய திரவம் கட்டியாகத் தெரியும். சில மணி நேரத்தில் உடம்பில் கலந்துவிடும். எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை முறை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இதுவே ஆபத்தாகலாம். ஒவ்வொரு முறையும் புதிய ஊசி அவசியம்.

தீனியில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ்

சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி, மிச்சமிருக்கும் நெஃப்ரான்களையும் கெடுக்கும். கருவாடு, எலும்பு, ஈரல், முள்ளோடு இருக்கும் சிறு மீன் ஆகியவற்றில் பாஸ்பரஸ் அதிகம். கருவாட்டில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை நிறுத்துங்கள். சிறுநீரக நோய்க்கென்றே தயாரித்த தீனி கடைகளில் கிடைக்கிறது. ஈரப்பதமுள்ள வகை இன்னும் நல்லது. அதை வாங்க வழியில்லாதவர்கள், வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, எலும்பில்லாத கோழிக்கறி, கொஞ்சம் சோறு என்று மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யலாம். இது மட்டுமே முழு உணவாகிவிடாது. டாரின், கால்சியம் போன்றவற்றை அவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும்.

‘கறியே வேண்டாம், தயிர்ச்சோறு போதும்’ என்று மாற்றுவது தவறு. பூனை மாமிச உண்ணி. புரதம் அடியோடு குறைந்தால் தசை கரைந்துவிடும். புதிய தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 2 முதல் 4 வாரத்தில் மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். இரண்டு, மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். சரியான தீனியைத் தொடாமல் கிடப்பதைவிட, பிடித்த தீனியைக் கொஞ்சம் சாப்பிடுவது மேல்.

15 நாளுக்கு ஒருமுறை எடை

எங்கள் வீட்டுப் பூனையைத் துணிப்பையில் உட்கார வைத்து, காய்கறி எடை போடும் தொங்கு தராசில் மாட்டித்தான் எடை பார்த்தோம். தேதி, எடை, சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா என்று நான்கு விவரங்களை நாட்காட்டியில் எழுதி வைத்தால் போதும். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பதும் 60 கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதும் ஒன்றுதான். கண் பார்வைக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும்.

பண்ணையில் இருக்கும் ஆபத்துகள்

டிராக்டர் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் இனிப்பாக இருக்கும். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் சிறிதளவே பூனையின் சிறுநீரகத்தை நாசமாக்கும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பசுமைக்குடிலில் லில்லியம் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் மகரந்தம் ரோமத்தில் பட்டு, அதைப் பூனை நக்கினாலே போதும்; சிறுநீரகம் செயலிழந்துவிடும். நம்மூர் சம்பங்கி வேறு வகை. அதில் இந்த ஆபத்து இல்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பூனை சோர்ந்து கிடக்கிறது. பாராசிட்டமால் பாதி மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கேள்வி: கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் சரியாகுமா?

அழிந்த நெஃப்ரானை எந்த மூலிகையும் திரும்பக் கொண்டுவராது. மனிதருக்கு ஒத்துக்கொள்வது பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். அந்த நாட்களைப் பரிசோதனைக்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் கடுவன் பூனை அடிக்கடி முக்குகிறது, ஆனால் மூத்திரம் வரவில்லை. இதுவும் அதே நோயா?

இல்லை. இது சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் பூனைக்கு 15 வயது. நான்காம் நிலை என்கிறார்கள். எதுவரை வைத்தியம் பார்ப்பது?

சாப்பிடுகிறதா, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறதா, உங்களைப் பார்த்து வருகிறதா என்று தினமும் பாருங்கள். வாந்திக்கும் பசிக்கும் மருந்துண்டு. மருத்துவர் தருவதைக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் அதிகமாகி, மூலையில் ஒதுங்கித் தீனியே தொடாமல் இருந்தால், வலியில்லாமல் கண் மூடச் செய்யும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அது பாவமில்லை. சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருவதுதான் பாவம்.

கேள்வி அனுப்புகிறவர்கள் பூனையின் வயது, எடை, ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரின் அளவு, பரிசோதனை முடிவு ஆகியவற்றையும் மறக்காமல் எழுதுங்கள்.