மண்ணுக்குள் பார்க்கும் படிப்பு: புவி இயற்பியலில் முதுகலை, முனைவர் பட்டம் பெற என்ன வேண்டும்?

2024 ஆகஸ்ட் 23. கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த சுற்றுப்பயணி ஒருவர் சுமார் 8 மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட ஒரு பெயர், தரையை ஊடுருவும் ரேடார். தோண்டாமலேயே தரைக்குக் கீழே என்ன இருக்குன்னு பார்க்க உதவும் கருவி அது. அதற்குப் பின்னால் இருக்கும் படிப்புதான் புவி இயற்பியல், அதாவது ஜியோபிசிக்ஸ்.

ஈப்போ மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கு?

நிறையவே இருக்கு. கிந்தா பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அந்தக் கல்லை மெல்ல மெல்லக் கரைத்து, உள்ளே குகைகளையும் பொந்துகளையும் உண்டாக்குகிறது. மேலே இருப்பதோ நூறாண்டுக்கும் மேலாக ஈயத்துக்காகப் புரட்டிப் போட்ட மண். 1985-ல் ஈய விலை சரிந்த பிறகு, பழைய சுரங்க நிலங்கள் பலவற்றில் வீடுகள் எழுந்தன. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்கள் பலவும் இன்று செம்பனைக் காடாகவோ தாமானாகவோ மாறிவிட்டன.

1973 அக்டோபர் 18-ஆம் தேதி, தைப்பூசக் காவடிகள் போய்ச் சேரும் நம்ம ஈப்போ கல்லுமலையில், அதாவது குனோங் சீரோவில், பெரிய சுண்ணாம்புப் பாறை இடிந்து விழுந்து சுமார் 40 பேர் உயிரிழந்தனர். எந்தப் பாறையில் பிளவு ஓடுகிறது, எந்தத் தரைக்கு அடியில் பொந்து இருக்கிறது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தேடுபவர்களில் புவி இயற்பியலாளரும் ஒருவர்.

கருவியை இயக்கத் தெரிந்தால் போதாதா? பட்டம் எதற்கு?

ஒரு உதாரணம் பார்ப்போம். தரையில் வரிசையாக இரும்புக் கம்பிகளை நட்டு, இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். இதுதான் மின்தடை ஆய்வு. கெட்டியான சுண்ணாம்புக்கல் மின்சாரத்தை எளிதில் விடாது. களிமண்ணோ தண்ணீரோ நிரம்பிய பொந்து எளிதில் விடும். காற்று மட்டும் இருக்கும் பொந்து கல்லைவிட அதிகமாகத் தடுக்கும்.

சிக்கல் எங்கே வருதுன்னா, ஒரே அளவீட்டுக்குப் பல விளக்கங்கள் பொருந்தும். திரையில் தெரியும் நீலத் திட்டு ஈரக் களிமண்ணா, நீர் நிரம்பிய குகையா? கருவி அதைச் சொல்லாது. கணிதமும் இயற்பியலும் நிலவியலும் சேர்ந்தால்தான் சரியான விளக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். முதுகலை, முனைவர் பட்டங்கள் கொடுப்பது இந்தப் பயிற்சியைத்தான்.

இளங்கலையில் புவி இயற்பியல்தான் படித்திருக்கணுமா?

கட்டாயமில்லை. இயற்பியல், நிலவியல், பொறியியல், கணிதம் படித்தவர்களும் வருகிறார்கள். இயற்பியல் மாணவருக்கு நிலவியல் பாடங்களும், நிலவியல் மாணவருக்குக் கணிதமும் கணினி நிரலாக்கமும் கூடுதலாகத் தேவைப்படலாம். எந்தத் துறையிலிருந்து வந்தாலும் கணித அடித்தளம் மட்டும் வேண்டும். அதனால் படிவம் 4-ல் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கைவிட்டால் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும்.

முதுகலைக்கு என்ன தகுதி?

மலேசியாவில் ஆய்வுவழி முதுகலைக்குப் பொதுவாக 2.75 சிஜிபிஏ கேட்கிறார்கள். 2.50-க்கும் 2.75-க்கும் இடையில் இருந்தால் பல்கலைக்கழகம் தனியாக மதிப்பிட்டு முடிவு செய்யும். அதற்கும் கீழே என்றால் தொடர்புடைய துறையில் ஐந்தாண்டு வேலை அனுபவம் கைகொடுக்கலாம். துல்லியமான விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

பாடவழி முதுகலையில் வகுப்பு, தேர்வு, சிறிய ஆய்வு என்று குறைந்தது 40 கிரெடிட் முடிக்க வேண்டும். ஆய்வுவழியில் மதிப்பீடு முழுக்க ஆய்வேட்டை வைத்தே நடக்கும். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் ஆய்வுவழிதான் நல்ல தயாரிப்பு.

ஆய்வுவழிக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு மேற்பார்வையாளரைத் தேட வேண்டும். அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் ஆய்வு எண்ணத்தை ஒரு பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். மதிப்பெண் அளவுக்கு இதுவும் முக்கியம், ஆனா பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

முனைவர் பட்டத்துக்கு?

வழக்கமாக முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலையில் முதல் வகுப்பு எடுத்த சிலருக்கு நேரடி நுழைவு உண்டு. ஆய்வுவழி முதுகலையில் சேர்ந்து நல்ல முன்னேற்றம் காட்டினால், முதல் ஆண்டுக்குள் முனைவர் பட்டத்துக்கு மாறும் வாய்ப்பும் உண்டு. முழுநேரமாகப் படித்தாலும் பொதுவாகச் சில ஆண்டுகள் ஆகும். ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவின் முன் விளக்கி ஒப்புதல் பெறுவது, களப்பணி, ஆய்வேடு, கடைசியில் வெளித் தேர்வாளர் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு என்று பல கட்டங்கள் இருக்கு. ஆய்வேட்டில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இளங்கலை முடித்தவுடனே முனைவர் படிப்பில் சேருவது சாதாரணம். பாடங்களும் தகுதித் தேர்வும் அதற்குள்ளேயே வரும். அதனால் ஐந்தாண்டு அளவில் ஆகும்.

எங்கே படிக்கலாம்? பணத்துக்கு என்ன வழி?

பினாங்கு யூஎஸ்எம்மின் இயற்பியல் புலத்தில் புவி இயற்பியல் நீண்டகாலமாகக் கற்பிக்கப்படுகிறது. பேராக்கிலேயே, ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எண்ணெய், எரிவாயு சார்ந்த புவி அறிவியலில் கவனம் செலுத்துகிறது. மலாயா பல்கலைக்கழகத்திலும் யூகேஎம்மிலும் நிலவியல் கற்பிக்கப்படுகிறது.

உபகாரச் சம்பளம் தவிர இன்னொரு வழி ஆய்வு உதவியாளர் பணி. மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து மாதப்படி கிடைக்கும். வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்து, உடனே சம்பாதிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். சேருவதற்கு முன்பே கேளுங்கள்: மானியம் இருக்கா? எத்தனை மாதத்துக்கு? கட்டணம் யார் கட்டுவது?

பட்டம் வாங்கினால் போதுமா?

பட்டம் வேறு, தொழில் பதிவு வேறு. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டத்தின்கீழ் தனி வாரியம் இருக்கிறது. வேறு துறையிலிருந்து வருபவர்கள், தங்கள் பட்டம் பதிவுக்கு ஏற்கப்படுமா என்று அந்த வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போ படிவம் 4, 5-ல் இருக்கீங்களா? ஈப்போ ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் உள்ள நிலவியல் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். நீங்கள் தினமும் நடக்கும் தரையின் கதை அங்கே கற்களாக இருக்கு. அதைப் பார்த்தபிறகும் ஆர்வம் குறையலைன்னா, பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் பாடத் தேர்வு பற்றிப் பேசத் தொடங்குங்கள்.