உங்களுக்குத் தெரியுமா? தின்ற ஆர்.என்.ஏ. மரபணுவை அடக்கும்!

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை இதன் உடலில் செலுத்தியபோது, அதே வரிசை கொண்ட மரபணு அடங்கிப்போனது. செலுத்திய ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் எதுவும் உருவாகவில்லை. செல் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளைக் கொண்டே உரிய தூது ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு அழித்தது. இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதைவிட வியப்பானது, இதற்கு ஊசியே தேவையில்லை என்பது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் ஈ. கோலி பாக்டீரியாவைப் புழு தின்றாலே போதும். குடல் செல்களிலுள்ள சிட்-2 புரதம் அந்த ஆர்.என்.ஏ.வை உள்ளே எடுக்க உதவுகிறது. சிட்-1 புரதம் பிற திசுக்களுக்குள் நுழைய வழிவிடுகிறது. விளைவு குஞ்சுப் புழுக்களுக்கும் செல்வதுண்டு. நரம்பு செல்கள் மட்டும் எளிதில் இணங்குவதில்லை.

மனிதருக்கு ஆர்.என்.ஏ.வை உணவாகக் கொடுத்துப் பயனில்லை. குடலில் அது சிதைந்துவிடும். ஆயினும் அதே வழிமுறை மருந்தாகியிருக்கிறது. டிரான்ஸ்தைரெட்டின் புரதம் திரிந்து நரம்புகளில் படியும் பரம்பரை நோய்க்கான பாட்டிசிரான், 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கொழுப்பு நுண்துகள்களில் பொதிந்து இரத்தக்குழாய் வழியே ஏற்றப்படும் இம்மருந்து, கல்லீரலில் அப்புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது.