ராத்திரியில் இறங்கும் பேட்டரி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது.

அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியோடு அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் போய், கரண்ட் இணைப்பே இல்லாத பாலைவெளியில் தங்குகிறவர்கள் ஏராளம். விடிந்தால் சிலருக்கு விளக்கு மங்கியிருக்கும், தண்ணீர் மோட்டார் முனகும். உடனே இன்னொரு பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். வாங்கட்டும். அதற்கு முன்னால், வண்டிக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜ் மின்சாரத்தை வாங்கி என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

பழைய வகை ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை அது. அம்மோனியா கரைந்த தண்ணீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகிப் பிரியும். அது குளிர்ந்து திரவமாகி, மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆக, இதற்கு வேண்டியது வெறும் சூடு. அது கேஸ் சுடராகவும் இருக்கலாம், மின்கம்பியாகவும் இருக்கலாம்.

சிக்கல் அந்த மின்கம்பியில்தான். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு மாதிரி அது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஃப்ரிட்ஜுக்கே பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் போகும். பல மாடல்களில் இடைவெளியே இல்லாமல் போகும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில், அதன் ஆயுள் குறையாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஐம்பதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: நாலு மணி நேரம் சொச்சம். 12 வோல்ட் என்பது எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும்போது மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது. வண்டி நின்றதும் கேஸுக்கு மாற்றிவிட வேண்டும். கேஸில் ஓடும்போது கட்டுப்பாட்டு அட்டைக்கு மட்டும் மின்சாரம் வேண்டும். அரை ஆம்பியர் என்று வைத்தால்கூட நாளுக்குப் பன்னிரண்டு ஆம்பியர்-மணிதான். ஒன்பது கிலோ சிலிண்டரை ஃப்ரிட்ஜுக்கு மட்டும் விட்டால் ஏறக்குறைய இரண்டு வாரம் வரும். பெட்ரோல் பங்கில் நுழையும்முன் சுடரை அணைக்க மறக்காதீர்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும் என்பதும் இந்த வகைக்கு முக்கியம். சாய்ந்த நிலையில் வெகுநேரம் ஓடினால் திரவம் ஒரு பக்கம் தேங்கி, குழாயே பாழாகலாம்.

பெரிய மாடல்களில் பெரும்பாலும் 12 வோல்ட் சூடாக்கி இருக்காது. கேஸும் 120 வோல்ட்டும்தான். அதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. 'ஆட்டோ' நிலையில் வைத்தால், 120 வோல்ட் கிடைக்கும்போதெல்லாம் அதையே பிடித்துக்கொள்ளும். நீங்கள் லேப்டாப்புக்காக இன்வெர்ட்டரைப் போடுவீர்கள். ஃப்ரிட்ஜின் பிளக்கும் அதிலேயே இணைந்திருந்தால், ஃப்ரிட்ஜ் சத்தமில்லாமல் கேஸை விட்டுவிட்டு முந்நூறு வாட் சூடாக்கியை ஓட்டத் தொடங்கும். பேட்டரியிலிருந்து இருபத்தைந்து ஆம்பியருக்கு மேல் போகும். இன்வெர்ட்டர் போடும் வழக்கம் இருந்தால் கேஸ் பொத்தானை நீங்களே அழுத்திவிடுங்கள்.

இப்போது வருகிற வண்டிகளில் நம் வீட்டில் உள்ளது போலக் கம்ப்ரசர் வகைதான் அதிகம். இது 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் இழுத்தாலும் விட்டுவிட்டு ஓடும். பத்தில் நாலு பங்கு நேரம் ஓடினால் நாளுக்கு 48 ஆம்பியர்-மணி. வெயில் ஏறினால் இன்னும் கூடும். நல்ல வெயிலில் 100 வாட் சோலார் பேனல் நாளுக்கு முப்பது ஆம்பியர்-மணி தரலாம்; ஆகவே இரண்டு பேனல் இருந்தால் ஃப்ரிட்ஜ் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியில் எண்பது சதவீதத்துக்கு மேலும் எடுக்கலாம் என்பது இந்த இடத்தில் உண்மையாகவே உதவும்.

செலவில்லாத வேலைகளும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டுக் கரண்டில் குளிரவைத்து, ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அடுக்குங்கள். சூடான சாம்பார்ப் பாத்திரத்தை உள்ளே தள்ளாதீர்கள். ஃப்ரிட்ஜின் காற்றுத்துளை இருக்கும் பக்கம் சாயங்கால வெயிலைப் பார்க்காமல் வண்டியை நிறுத்துங்கள்.

ஃப்ரிட்ஜை அணைத்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தியும் பேட்டரி இறங்கினால், கேஸ் கசிவைக் காட்டும் கருவி, ரேடியோ நினைவகம் போன்ற சில்லறைகள்தான் பெரும்பாலும் காரணம். பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.